ஹியூபேட் விட்டுக்கொடுத்த வாக்குவாதம்

கொட்டாஞ்சேனை ஹியூபேட் யேசுரட்ணம் முப்பத்திரண்டு வயது வரை எவருக்கும் 'இல்லை' என்று சொன்னவனல்ல. கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் பெரிய கிளார்க், "ஹியூபேட், இண்டைக்கு இருந்து இந்த பில் எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போ" என்றால் ஓம். கத்தோலிக்கக் கோயிலில் சுவாமி, "திருநாளுக்கு லைற் போடுற பொறுப்பு உனக்கு" என்றால் ஓம். பெண் பார்க்கப் போன இடத்தில் கொன்ஸ்ரன்ஸின் தகப்பன் "பிடிச்சிருக்கா தம்பி?" என்று கேட்டதற்கும், அவள் முகத்தை நிமிர்த்த முன்னமே, ஓம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளைத் தேடி, பொல்லும் பெற்றோல் கலனுமாக வந்து நின்ற கூட்டம், "இது எங்கட ஆட்களின் வீடுதானே" என்று சிங்களத்தில் கேட்டபோது, சாரத்தோடு வாசலில் நின்று, நல்ல சிங்களத்தில், சிரித்த முகத்தோடு, ஓம் ஐயா என்று சொல்லி அனுப்பியவனும் இவன்தான். அன்றைக்கு அந்த ஓம் எட்டு உயிரைக் காப்பாற்றியது. அதைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அதற்குப் பிறகு அது அவனுக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது.

அந்த வியாதி தொற்றாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையின் முகப்பில் நமசிவாயம் என்பவர் ரெக்கோடிங் பார் வைத்திருந்தார். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, வெறுங்கசற் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த கிழமை உங்கள் பாட்டுகள் நீங்கள் எழுதிய ஒழுங்கிலேயே பதிந்து கிடைக்கும். கலியாண வீட்டுக்கு பைலா, பிறந்தநாளுக்கு அபா குழுவின் இங்கிலிஷ் பாட்டு, கிழவருக்குப் பக்திப்பாட்டு. கந்தோர் அரைநாளோடு முடிகிற சனிக்கிழமைகளில் ஹியூபேட் அங்கே போய்ப் பதிவு வேலை பார்த்தான். தொண்ணூறு நிமிடக் கசற்றைப் பதியத் தொண்ணூறு நிமிடம் வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. இரண்டு மணிக்கு நமசிவாயம் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். உள்ளே மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் தொண்ணூறு நிமிடமும் ஹியூபேட்டும் வரதராசாவும் சண்டை பிடிப்பார்கள்.

வரதராசா சாவகச்சேரிக்காரன். கணக்காளர் பரீட்சைக்குப் படிக்க வந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். ஈர்க்கில் மாதிரி உடம்பு, தடித்த கண்ணாடி, ஊருக்குப் பெரிய வாய். மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை வந்து, கேங் ஒஃப் ஃபோர் என்ற குழுவின் பாட்டுகள் இருக்கிறதா என்று கேட்டான். கொழும்பில் அந்தப் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். ஹியூபேட்டின் மைத்துனன் ஒருவன் கப்பலில் சமையல் வேலை. லண்டன் துறைமுகத்தில் இறங்கினால் பழைய இசைத்தட்டுகளும், பழைய இங்கிலிஷ் இசைப் பத்திரிகைகளும் கட்டாக வாங்கி வருவான். அதனால் அந்தத் தட்டு ஹியூபேட்டிடம் இருந்தது. "இருக்கு," என்றான் ஹியூபேட். "ஆனா அதைவிட நல்லது வேற இருக்கு." அவன் வாயிலிருந்து அப்படி ஒரு 'ஆனா' வந்ததைக் கேட்டு நமசிவாயமே நிமிர்ந்து பார்த்தார்.

விஷயம் இதுதான். பங்க் என்ற முரட்டு இசை கத்தி ஓய்ந்த கையோடு, எழுபதுகளின் கடைசியில், இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் புதுக் குழுக்கள் கிளம்பின. போஸ்ற்-பங்க் என்று பத்திரிகைக்காரர் பெயர் வைத்தார்கள். ஹியூபேட்டுக்கு மான்செஸ்டர் பக்கத்து ஜோய் டிவிஷன். வெறும் மண்டபத்துக்குள் ஒருவன் தனியே நின்று பாடுவது மாதிரிக் குரல். இருபத்து மூன்று வயதில் அந்தப் பாட்டுக்காரன் உயிரை விட்டுவிட்டான். வரதராசாவுக்கு லீட்ஸ் நகரத்து கேங் ஒஃப் ஃபோர். கத்தரிக்கோலால் தகரம் வெட்டுகிற மாதிரி கிற்றார். பாட்டில் சம்பளம், சந்தை, அரசாங்கம், கட்டில், எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு விசாரணை. எந்தக் குழு பெரிது, எந்தக் குழுவைப் பார்த்து மற்றவர்கள் படித்தார்கள், ஐம்பது வருடம் போனால் எது நிற்கும்? மூன்று வருடம் இதே பேச்சு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதில் இருவரும் விடாக்கண்டன் கொடாக்கண்டன்.

"உம்மட ஆளைக் கேட்டா மனிசன் கதவைச் சாத்திப்போட்டு மூலையில குந்தி அழுவான் ஐசே," என்பான் வரதராசா. "என்ர ஆக்கள், கதவைச் சாத்தினவன் ஆர் எண்டு கேக்கிறாங்கள்."

"கேட்டு என்ன கண்டாங்கள்? கடைசித் தட்டில பின்னால பெண்குரலை வச்சு டிஸ்கோ ஆக்கினது ஆர்?"

"செத்தவன்ர மிச்ச ஆக்கள் மட்டும் மெஷினைப் பூட்டி ஆட்டம் போடேல்லையோ?"

"அது வேற பேர், வேற குழு. அதை இதுக்குள்ள கொண்டு வராதேயும்."

இப்படியே கசற் முடியும். முடிந்ததும் வரதராசா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த சனிக்கிழமை பாப்பம்" என்று போவான். ஹியூபேட் காலி வீதியில் பஸ் ஏறி, கொட்டாஞ்சேனை போய் இறங்கும்வரை, அடுத்த கிழமைக்கான பதிலைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பான். இறங்கி வீட்டு வாசலை மிதித்ததும் பழையபடி எல்லாவற்றுக்கும் ஓம்.

எண்பத்தாறாம் ஆண்டு, நகரத்தில் குண்டு வெடித்த ஒரு கிழமை, வெள்ளவத்தையில் வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. வியாழக்கிழமை விடியற்காலை வரதராசாவின் அறைக்குள் பொலிஸ் ஏறியது. அறையில் அறுபத்து மூன்று கசற்றுகள் இருந்தன. அந்தக் காலத்தில் போராளி இயக்கங்களின் பேச்சுகளும் கசற்றில்தான் சுற்றின. அடையாள அட்டையில் பிறந்த இடம் சாவகச்சேரி. சனிக்கிழமைதோறும் பையோடு போய், பாதி மூடிய கடைக்குள் இருந்துவிட்டு வருகிறான் என்று அயலில் எவரோ சொல்லிவிட்டார்கள். கேட்கவா வேண்டும்? ஆளையும் கசற்றுகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நமசிவாயம் ஹியூபேட்டின் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். "தம்பி, வரதனைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். கொழும்பில பிறந்த ஆள் ஒருத்தர் வந்து தெரியும் எண்டு பொறுப்புச் சொன்னா விடக்கூடுமாம். நான் போகேலாது, என்ர கார்ட்டிலயும் பிறந்த இடம் யாழ்ப்பாணம். இண்டைக்கு விடாட்டில் மேல அனுப்பிப்போடுவாங்கள்." மேலே என்றால் எங்கே என்று இருவரும் பேசவில்லை. அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்களை எண்ண ஒரு கை போதும்.

ஹியூபேட் வழக்கம்போல ஓம் என்றான். அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், தன் கோயில் பங்கைச் சேர்ந்த ஆள் என்று சுவாமி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பங்குக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் எடுத்தான். கொன்ஸ்ரன்ஸ் வாசலில் நின்றாள். "வேலிக்கு ஓணான் சாட்சியா?" என்றாள். "தமிழனுக்குத் தமிழன் போய்ச் சொன்னா நம்புவாங்களா? உங்களையும் சேத்துப் பிடிச்சு வச்சா நானும் பிள்ளைகளும் எங்க போறது?" அதற்கும் அவன் ஓம் என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் மேசை முழுக்க வரதராசாவின் கசற்றுகள். பக்கத்தில் ஒரு சின்ன கசற் பிளேயர். இன்ஸ்பெக்டர் நாற்பது வயதுக்காரர், வெள்ளை விழத் தொடங்கிய மீசை, தூக்கம் கெட்ட கண். கொம்பனித்தெருவைச் சேர்ந்த மலாய் சார்ஜன்ட் ஒருவர் தமிழ் தெரிந்தவர் என்பதால் பக்கத்தில் நின்றார். ஹியூபேட் சிங்களத்தில் பேசியதும் இன்ஸ்பெக்டரின் முகம் கொஞ்சம் இளகியது. பங்குக் கடிதத்தை வாசித்தார்.

"நான் பத்துக் கசற் போட்டுக் கேட்டேன்," என்றார். "மரம் அரிகிற சத்தம்தான் வருகிறது. இதற்கா இரண்டு பேர் சனிக்கிழமை சனிக்கிழமை கதவை இறக்கிவிட்டு உட்காருகிறீர்கள்? என்ன பேசுவீர்கள்?"

"பாட்டைப் பற்றி சேர். எந்தக் குழு நல்லது என்று."

"மூன்று வருடமாகவா?"

"ஓம் சேர்."

"சரி. உனக்கு எது பிடிக்கும், அவனுக்கு எது பிடிக்கும்? சொல். பிறகு அவனிடம் போய் இதையே கேட்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் கூட்டிக்கொண்டு போ."

கேள்வி எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். மூன்று வருடம் தொண்டை கிழியக் கத்திய விஷயம். இருந்ததை இருந்தபடி சொன்னால் ஐந்து நிமிடத்தில் இருவரும் காலி வீதியில் நிற்பார்கள். ஆனால் ஹியூபேட்டின் மூளை வேறு கணக்குப் போட்டது. கேங் ஒஃப் ஃபோர் என்பது சீனாவில் மாவோவின் காலத்து நாலு தலைவர்களுக்குச் சொன்ன பெயர். பாட்டில் இருப்பதோ அரசாங்கம், தொழிலாளி, துப்பாக்கி. சாவகச்சேரியில் பிறந்தவனுக்கு இதுதான் பிடிக்கும் என்று சொன்னால் இந்த மனிதர் என்ன நினைப்பார்? சோகப்பாட்டுக் கேட்கிறவன் என்றால் பாவம் என்று விட்டுவிடுவார். அரசியல் தலையில் வந்து விழத்தான் வேண்டுமென்றால், கொட்டாஞ்சேனையில் பிறந்த, சுவாமியின் கடிதம் வைத்திருக்கிற தன் தலையில் விழட்டும். அன்பினால்தான் அப்படி நினைத்தான். சத்தியமாக அன்பினால்தான்.

"எனக்கு கேங் ஒஃப் ஃபோர், சேர்," என்றான். "அவருக்கு ஜோய் டிவிஷன். அது சோகப்பாட்டு. அவர் ஒரு சாதுவான ஆள்."

சார்ஜன்ட் இரண்டு பெயரையும் கொப்பியில் எழுதிக்கொண்டு உள்ளே போனார். அரை மணித்தியாலம் கழித்து வந்து இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் கடிதத்தை மடித்து ஹியூபேட்டின் பக்கம் தள்ளினார்.

"அவன் நேர்மாறாகச் சொல்கிறான். அவனுக்கு மற்றதாம், உனக்குத்தான் அந்தச் சோகமாம். உங்கள் இரண்டு பேரில் ஒருவன் பொய்யன். மூன்று வருடம் பாட்டு மட்டும் பேசின ஆட்களுக்கு இதுகூடவா தெரியாது? வேறென்ன பேசினீர்கள் என்று இனி அவனிடமே கேட்டுக்கொள்கிறேன். நீ கோயிலுக்குப் போகிற ஆள், பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மனம் மாறுவதற்குள் போ."

பொய் சொன்னது நான்தான் சேர். நாலு சொல். வாய்வரை வந்தது. இன்ஸ்பெக்டரின் கை மேசையிலிருந்த விலங்கைச் சும்மா நகர்த்தி வைத்தது. "சரி சேர்," என்றான் ஹியூபேட். சொல்லிவிட்டுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போதாதென்று, சங்கையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தான்.

சனிக்கிழமை அவன் வெள்ளவத்தைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் கிடந்தான். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தான். அவர்களாகவே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான். நினைத்த ஒன்றையும் அவனே நம்பவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் எழும்பி உட்கார்ந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற புருசனைக் கொன்ஸ்ரன்ஸ் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் முறை வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அங்க என்ன சொன்னீங்க?"

எல்லாவற்றையும் சொன்னான். முதலில் பாட்டுக் குழுக்கள் யாரென்று அவளுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். போகவேண்டாம் என்று தடுத்தவள் அவள்தான். இப்போதும் தடுப்பாள் என்று எதிர்பார்த்தான். அந்தத் தடுப்புக்காகக் காத்துக் கிடந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

"எனக்கும் இப்பிடித்தானா?" என்றாள். "பத்து வருசமா எல்லாத்துக்கும் ஓம், ஓம் எண்டு சொன்னதெல்லாம் இப்பிடிப் பயந்துதானா? உங்களுக்கு என்னைப் பிடிச்சு ஓம் சொன்னீங்களா, எங்கப்பாவுக்கு முன்னால இல்லையெண்டு சொல்லத் தெரியாம ஓம் சொன்னீங்களா?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. நல்ல பதில்தான், அவளை அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை இப்போது சொன்னால் அவள் எப்படி நம்புவாள்? அவன் சொல்லுக்கு இனி என்ன விலை? வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. ஞாயிறு விடிந்ததும் பூசைக்குப் போகாமல் சேட்டை மாட்டினான். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பங்குக் கடிதத்தை அவன் இந்த முறை எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அதே மேசையில் இருந்தார். வீட்டுக்கே போகாத முகம். ஹியூபேட் கதிரையில் உட்காராமல் நின்றபடி சொன்னான். "சேர், வெள்ளிக்கிழமை நான் சொன்னது பொய். அவர் சொன்னதுதான் உண்மை."

இன்ஸ்பெக்டர் பேனையைக் கீழே வைத்தார். "பொலிசுக்குப் பொய் வாக்குமூலம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரியுமா?"

"தெரியும் சேர்."

"ஏன் பொய் சொன்னாய்?"

"அவருக்குப் பிடித்த குழு அரசாங்கத்தைப் பற்றிப் பாடுகிற குழு. உங்களுக்குத் தெரிந்தால் பிழையாக நினைப்பீர்கள் என்று பயந்தேன்."

இது போய் விழுந்த இடம் நல்ல இடமல்ல. இன்ஸ்பெக்டரின் கண் இடுங்கியது. "அப்படியென்றால் அவனுக்கு அரசியல் இருக்கிறது. உனக்கும் அது தெரிந்திருக்கிறது. மறைத்திருக்கிறாய்."

"பாட்டில் இருக்கிறது சேர்."

"எந்த அரசாங்கத்தைப் பற்றி?"

"இங்கிலாந்து அரசாங்கத்தைப் பற்றி, சேர்."

மலாய் சார்ஜன்ட் வேறு பக்கம் திரும்பி இருமினார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நீ இப்போது சொல்வதும் பொய்யாக இருக்கலாம்," என்றார். "இரண்டு நாளில் யாராவது உனக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவனைக் கூட்டிக்கொண்டு வா சார்ஜன்ட். இரண்டு பேரும் என் முன்னால் பேசட்டும். நீ எனக்கு ஒவ்வொரு சொல்லாகச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். எங்கேயாவது நாடகம் தெரிந்தால் இவனும் உள்ளேதான்."

வரதராசாவைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி இல்லை. கீழுதடு வீங்கி ஒரு பக்கம் கறுத்திருந்தது. சேட்டில் இரண்டு பொத்தான் போயிருந்தது. வரதராசா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிற்பது ஆர் என்று தேடிப் பார்த்தான்.

"ஹியூபேட்டோ?"

"ஓம் ஐசே."

"நான் ஜோய் டிவிஷன் கேக்கிற ஆள் எண்டோ சொன்னீர்?"

"உம்மைக் காப்பாத்தத்தான் சொன்னனான்."

"நானோ?" வீங்கிய உதட்டால் சொல் வழுக்கியது. "மூண்டு வருசமா அடிச்சுக் கதைச்சுப்போட்டு, கடைசியில அந்த ஒப்பாரியை என்ர தலையில கட்டினீரோ? அறையில தனியக் கிடந்து அழுகிற ஆளா நான்?"

இந்த இடத்தில் ஹியூபேட் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மன்னிப்புத்தான் கேட்க வாயைத் திறந்தான். ஆனால் ஒப்பாரி என்ற சொல் மூன்று வருடமாக அவன் நகத்துக்குள் ஏறியிருந்த முள். "ஒப்பாரி எண்டு சொல்லாதேயும்," என்றான். "அந்த ட்ரம்ஸை ஒருக்கா ஒழுங்காக் கேட்டிருந்தா நீர் அப்பிடிச் சொல்லமாட்டீர்."

"ட்ரம்ஸ்தான் தனிய நிக்குது. பேஸ் தனிய, பாட்டுக்காரன் தனிய. ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறாங்களே? என்ர குழுவில கிற்றார் நிறுத்தினா பேஸ் பதில் சொல்லும்."

"பதில் இல்லை அது, பிரசங்கம். மேடை போட்டு மனிசருக்குப் பாடம் எடுக்கிறாங்கள்."

"பாடம் எடுத்தா என்ன? உம்மை மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டுறவனுக்கு ஒரு பாடம் வேணும்தானே?"

"என்னை ஏன் இழுக்கிறீர்? எத்தினை குழு ஜோய் டிவிஷனைப் பாத்துக் கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டது? எண்ணும் பாப்பம்."

"உடுப்புத்தானே பாத்தவங்கள்? கிற்றாரை எப்பிடி அடிக்கிறது எண்டு என்ர ஆக்களிட்டைத்தான் படிச்சவங்கள்."

சார்ஜன்ட் முதலில் ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு இரண்டு வரிக்கு ஒன்று சொன்னார். பிறகு கையை விரித்தார். "சேர், இவர்கள் ஒரு வாத்தியம் எப்படிப் பதிந்தது என்று சண்டை பிடிக்கிறார்கள். இதைச் சிங்களத்தில் சொல்ல எனக்குச் சொல் இல்லை." இன்ஸ்பெக்டர் அவரைப் பார்க்கவில்லை. இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹியூபேட்டின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் மேசையில் தட்டினார். அறை அடங்கியது. அந்த அமைதியில் ஹியூபேட்டுக்கு இடம் திரும்ப நினைவு வந்தது.

"வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்று சொன்னாய்," என்றார் இன்ஸ்பெக்டர் அவனிடம். "இன்றைக்கு வேறொன்று. கடைசித் தடவை கேட்கிறேன். இரண்டில் எது பெரியது?"

ஹியூபேட் வரதராசாவின் உதட்டைப் பார்த்தான். அடி வாங்கி நிற்கிறவனுக்கு இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் என்ன என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அவருடையதுதான் சேர் என்று சொன்னால் எவ்வளவு ஆறுதல், எவ்வளவு மரியாதை. அப்படிச் சொன்னால் இந்த மனிதர் கண்டுபிடிப்பார் என்பதும் தெரிந்தது. கண்டுபிடிக்காவிட்டாலும், வரதராசா கண்டுபிடிப்பான்.

"ஜோய் டிவிஷன், சேர்," என்றான்.

"அவன் இப்படி நிற்கும்போதுமா?"

"ஓம் சேர். அவருடைய குழு நல்லதுதான். ஆனால் பெரியது இல்லை."

வரதராசா உதடு வலிக்க வலிக்க, "சொன்னா விளங்காது இவனுக்கு," என்று சார்ஜன்ட்டிடம் முறைப்பாடு செய்தான். சார்ஜன்ட் அதை மட்டும் மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் கொப்பியை இழுத்து எதையோ எழுதி, கையெழுத்துப் போட்டு, ஹியூபேட்டிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார். கசற்றுகளைத் தரவில்லை. கண்ணாடியைத் தரச் சொன்னார். ஒரு பக்கக் கண்ணாடியில் வெடிப்பு இருந்தது. கிழமைக்கு ஒரு தரம் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். போங்கள் என்றார்.

காலி வீதியில் ஞாயிற்றுக்கிழமை வெயில். இருவரும் இருநூறு மீற்றர் நடந்தார்கள். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. ஹியூபேட் இரண்டு பிளேன்ரீ வாங்கினான். வரதராசா சூடு உதட்டில் படாமல் குடிக்கப் பார்த்து, முடியாமல் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"நல்லா அடிச்சவங்களோ?"

"முதல் நாள் ஒண்டும் செய்யேல்லை," என்றான் வரதராசா. "வெள்ளிக்கிழமை நீர் வந்து போன பிறகுதான்."

ஹியூபேட் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சார்ஜன்ட் வந்து கேட்டார். நான் உள்ளதைச் சொன்னன். பேந்து அவர் திரும்பி வந்து, தம்பி, உன்ர கூட்டாளி மாறிச் சொல்லிப்போட்டான், நீயும் அவன் சொன்னதுதான் சரியெண்டு சொல்லு, ரெண்டும் ஒண்டாப் போகும், விட்டிடுவினம் எண்டார். நல்ல மனிசன். ரெண்டு முறை வந்து கெஞ்சினார். நான் மாட்டன் எண்டன். பேந்து வேற ஆக்கள் வந்து கேட்டவங்கள்."

"ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே ஐசே," என்றான் ஹியூபேட். "ஒரு சொல்லுத்தானே. ஒரு பாட்டுக் குழுவின்ர பேர். இதுக்கு ஆர் அடி வாங்குவான்?"

"ஒண்டு பொய்யெண்டு ஒத்துக்கொண்டா, நான் சொன்ன மற்றதெல்லாத்தையும் பொய்யெண்டு எழுதிப்போடுவாங்கள். அது ஒண்டு." வரதராசா வெடித்த கண்ணாடியைக் கழற்றி, சேட்டில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டான். "மற்றது, நீர் வந்து இல்லையெண்டு சொல்லுவீர் எண்டு தெரியும். என்னோட மட்டும்தான் நீர் இல்லையெண்டு சொல்லுறனீர், ஆனா சொல்லத் தெரிஞ்ச ஆள்தானே. வெள்ளி பின்னேரமே வந்திடுவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

வெள்ளி பின்னேரம் ஹியூபேட் வீட்டில் இருந்தான். கொன்ஸ்ரன்ஸ் இடியப்பமும் சொதியும் வைத்துத் தந்தாள். ஐந்து சாப்பிட்டான்.